அவுரேலியன்: வென்ற பேரரசரின் அச்சமும் அவர் எழுப்பிய மதிலும்

ரோம் நகரில் போர்ட்டா மஜ்ஜோரே என்ற பழைய வாயில் ஒன்று இருக்கிறது. ட்ராம் வண்டிகள் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. வாயிலுக்கு வெளியே, கல் உருளைகளும் வட்டமான துவாரங்களும் கொண்ட ஒரு விசித்திரமான கல்லறை நிற்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் பாண் சுட்டு விற்றுப் பணக்காரரான எவ்ரிசாசெஸ் என்பவருடைய கல்லறை அது. தானியம் அரைப்பது, மா பிசைவது, சுடுவது, நிறுத்துக் கொடுப்பது என்று தன்னுடைய தொழில் முழுவதையும் அதன் மேற்பகுதியில் அவர் சிற்பமாகச் செதுக்க வைத்தார்.

1838ஆம் ஆண்டு வரை இந்தக் கல்லறையை யாரும் பார்க்க முடியாது. நகர மதிலின் வாயிற் கோபுரம் ஒன்று அதை விழுங்கியிருந்தது. கோபுரத்தை இடித்தபோதுதான், 1,400 ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே கிடந்த கல்லறை வெளியே வந்தது. கிழக்குப் பக்க முகப்பு அழிந்து போயிருந்தது.

இந்தக் கல்லறை அகப்பட்டுக்கொண்ட மதிலுக்கு அவுரேலியன் மதில் என்று பெயர். கட்டத் தொடங்கியவர் கி.பி. 270 முதல் 275 வரை ரோமை ஆண்ட பேரரசர் அவுரேலியன். ஐந்தே ஆண்டுகளில், மூன்றாக உடைந்து கிடந்த பேரரசை அவர் மீண்டும் ஒன்றாக்கினார். உலகை மீட்டவர் என்ற பட்டத்தை அவருடைய நாணயங்களில் பொறித்தார்கள். அந்தப் பட்டத்தைச் சூடியவரே தன் தலைநகரைச் சுற்றி மதில் எழுப்பியவரும். இவ்வளவு வெற்றி பெற்ற ஒருவருக்கு இத்தனை பெரிய மதில் ஏன் தேவைப்பட்டது? அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

எல்லைப்புறத்துச் சிப்பாய்

லூசியஸ் டொமிட்டியஸ் அவுரேலியானுஸ் என்பது அவருடைய முழுப் பெயர். கி.பி. 214 அல்லது 215ஆம் ஆண்டில், டான்யூப் ஆற்றை ஒட்டிய எல்லைப்புறப் பிரதேசத்தில் பிறந்தார். செல்வாக்கில்லாத, எளிய குடும்பம். அந்தப் பகுதி இளைஞர்களுக்கு இராணுவம் ஒன்றுதான் முன்னேற வழி. அவரும் அந்த வழியில் சென்றார். சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, குதிரைப்படையின் தளபதியானார். ஒழுங்கு தவறும் சிப்பாய்களிடம் ஈவிரக்கம் காட்டாதவர் என்று பெயர் எடுத்தார்.

அவர் வளர்ந்த காலம் ரோம வரலாற்றின் மிக மோசமான காலம். 235ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பேரரசர் ஆனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தங்கள் சொந்தப் படையினரின் கையாலேயே இறந்தார்கள். 260இல் பேரரசர் வலேரியனைப் பாரசீக மன்னன் முதலாம் ஷாப்பூர் உயிருடன் சிறைபிடித்தான். அதே ஆண்டில் மேற்கே பிரான்ஸ், பிரித்தானியா, ஸ்பெயின் ஆகிய பகுதிகள் பிரிந்து தனி அரசாகின. கிழக்கே சிரியாவின் பாலைவன நகரமான பல்மைரா தனித்து இயங்கத் தொடங்கியது. இவற்றுக்கு இடையே கொள்ளைநோயும் பரவியது.

268இல் மிலான் நகர முற்றுகையின்போது பேரரசர் கல்லியனுஸை அவருடைய அதிகாரிகளே கொன்றார்கள். அடுத்து வந்த இரண்டாம் கிளாடியஸ் 270இல் கொள்ளைநோயால் இறந்தார். அவருடைய தம்பி குவின்டில்லுஸ் சில காலம் மட்டும் பதவியில் இருந்தார். டான்யூப் படைகள் அவுரேலியனைப் பேரரசராக அறிவித்தன. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கலாம்.

ரோம் பயந்த நாட்கள்

பதவியேற்ற சில மாதங்களிலேயே ஜேர்மானியக் குழுக்கள் அல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைந்தன. யூதுங்கி என்ற குழு அவற்றில் முக்கியமானது. பிளசென்சியா என்ற இடத்தில், அதாவது இன்றைய பியசென்சாவில், அவுரேலியனின் படை பதுங்கித் தாக்கப்பட்டுத் தோற்றது. தலைநகருக்குச் செல்லும் பாதை திறந்து விட்டது.

செய்தி ரோமுக்கு வந்தபோது நகரம் கலங்கிப் போனது. அதற்குக் காரணம் இருந்தது. ரோமிடம் ஒரு பழைய மதில் இருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டிய சேர்வியன் மதில் அது. இன்றும் டெர்மினி புகையிரத நிலையத்துக்கு வெளியே அதன் ஒரு துண்டைக் காணலாம். ஆனால் நகரம் எப்போதோ அந்த மதிலைத் தாண்டிப் பரவி விட்டது. வீடுகளும் தோட்டங்களும் சந்தைகளும் அதன் இரு பக்கமும் நிரம்பியிருந்தன. எதிரி ரோம் வரை வருவான் என்று பல தலைமுறைகளாக யாரும் நினைக்கவில்லை. யுத்தம் என்பது எங்கோ தூரத்து எல்லையில், வேறு யாருடைய ஊரிலோ நடக்கும் விஷயம் என்றுதான் தலைநகர மக்கள் நம்பியிருந்தார்கள்.

அவுரேலியன் பின்தொடர்ந்து வந்து, ஃபானோ நகருக்கு அருகிலும் பின்னர் பவியாவுக்கு அருகிலும் அவர்களைத் தோற்கடித்தார். ஆபத்து நீங்கியது. ஆனால் அச்சம் நீங்கவில்லை.

அதே காலத்தில் ரோம் நகருக்குள்ளேயே ஒரு கிளர்ச்சி வெடித்தது. நாணயம் அடிக்கும் சாலையின் தொழிலாளர்கள் ஃபெலிசிசிமுஸ் என்ற அதிகாரியின் தலைமையில் எழுந்தார்கள். சேலியன் குன்றில் நடந்த மோதலில் 7,000 படையினர் இறந்ததாக ரோம வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நகரத்துத் தெருச் சண்டை ஒன்றுக்கு இது பயங்கரமான தொகை. அவுரேலியன் அதைக் கடுமையாக அடக்கினார். செனட் சபை உறுப்பினர்கள் சிலரும் மரண தண்டனைக்கு உள்ளானார்கள். வெளியே எதிரி, உள்ளே சந்தேகம் என்ற இந்த நிலையில்தான், 271இல், மதில் வேலை தொடங்கியது.

வீடுகளையும் கல்லறைகளையும் விழுங்கிய மதில்

மதிலின் நீளம் ஏறத்தாழ 19 கிலோமீற்றர். சுமார் 1,370 ஹெக்டெயர் நிலம் அதற்குள் அடங்கியது. தடிப்பு மூன்றரை மீற்றர். உயரம் ஏறத்தாழ 8 மீற்றர். நூறு ரோம அடிக்கு ஒன்றாக, அதாவது 30 மீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், சதுரக் கோபுரங்கள் அமைந்தன. மொத்தம் 380க்கும் மேற்பட்ட கோபுரங்கள். உள்ளே கொங்கிரீட், வெளியே செங்கல். அந்தச் செங்கற்களில் பெரும்பகுதி இடித்த கட்டடங்களிலிருந்து எடுத்தவை.

சாதாரணமாக இப்படியான வேலையை ரோம இராணுவம் செய்யும். ஆனால் படைகள் கிழக்கே செல்ல வேண்டியிருந்தது. ஆகவே நகரத்தின் தொழிலாளர் சங்கங்களிடம் வேலையைப் பகிர்ந்து கொடுத்தார்கள். தங்களைக் காக்கும் மதிலைப் பொதுமக்களே கட்டினார்கள்.

அவசரம் அவசரமாக வேலை நடந்தது. எங்கெல்லாம் ஏற்கெனவே ஒரு பெரிய கட்டடம் நின்றதோ, அதையே மதிலாக மாற்றினார்கள். முழு நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத பகுதி இப்படிப் பழைய கட்டடங்களால் ஆனது. தண்ணீர் கொண்டு வரும் கால்வாய்ப் பாலத்தின் வளைவுகள் வாயிலாகின. அதுதான் போர்ட்டா மஜ்ஜோரே. காவற்படை முகாம் ஒன்றின் வெளிச்சுவர் மதிலின் பாகமானது. காட்சி அரங்கம் ஒன்றின் வளைவுகளைச் செங்கல்லால் அடைத்தார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் கேயுஸ் செஸ்டியுஸ் என்பவருக்குக் கட்டிய, 36 மீற்றர் உயரமான பிரமிட் வடிவக் கல்லறையும் மதிலோடு சேர்ந்துகொண்டது. அது இன்றும் அப்படியே நிற்கிறது.

வாடகை வீடுகளும் தப்பவில்லை. திபூர்த்தினா வாயில் பக்கத்தில், பல மாடி வீடு ஒன்றின் முன்சுவரை மதிலாக்கிய இடம் இருக்கிறது. அதன் யன்னல்களைக் கல் வைத்து அடைத்து விட்டார்கள். மதில் போகும் பாதையில் குறுக்கே நின்ற மற்ற வீடுகளை இடித்தார்கள்.

கல்லறைகளுக்கு நேர்ந்ததும் இதுதான். ரோமச் சட்டப்படி நகர எல்லைக்குள் இறந்தவர்களைப் புதைக்க முடியாது. ஆகவே நகரத்தை விட்டு வெளியேறும் வீதிகளின் இரு பக்கமும் கல்லறைகள் வரிசையாக இருந்தன. போவோர் வருவோர் பெயரைப் படித்து நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே குடும்பங்கள் அவற்றைத் தெருவோரத்தில் கட்டினார்கள். மதில் அந்த வரிசைகளை ஊடறுத்துச் சென்றது. சில கல்லறைகள் இடிந்தன. சில மதிலுக்கு உள்ளே புதைந்தன. எவ்ரிசாசெஸின் கல்லறை அவற்றில் ஒன்று.

ஆற்றுக்கு அப்பால் இன்றைய வத்திக்கான் இருக்கும் பகுதியும் வேறு சில வெளிப்புறக் குடியிருப்புகளும் மதிலுக்கு வெளியே விடுபட்டன. எல்லோரையும் உள்ளே வைக்கும் மதில் சாத்தியமில்லை. கோடு எங்கே போகிறது என்பதை இராணுவத் தேவை தீர்மானித்தது.

பெரிய முற்றுகையைத் தாங்குவதற்கு இந்த மதில் திட்டமிடப்படவில்லை. திடீரென்று வந்து கொள்ளையடித்துச் செல்லும் குழுக்களிடம் மதிலை உடைக்கும் கருவிகள் இருக்கவில்லை. அவர்களை வெளியே நிறுத்தி, படை வந்து சேரும்வரை நேரம் சம்பாதித்தால் போதும். அந்தக் கணக்கில் மதில் வெற்றிதான். அவுரேலியனின் காலத்தில் அதை யாரும் தாக்கவில்லை. வேலை முடிந்ததையும் அவர் பார்க்கவில்லை. 276 முதல் 282 வரை ஆண்ட புரோபுஸின் காலத்தில்தான் அது பூர்த்தியானது.

இடம்பெயர்ந்த மாகாணம்

தலைநகரைச் சுற்றி மதில் எழுந்த அதே காலத்தில், டான்யூப் ஆற்றுக்கு வடக்கே இருந்த டேசியா மாகாணத்தை அவுரேலியன் கைவிட்டார். இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதி அது. 106ஆம் ஆண்டில் ட்ராஜன் கைப்பற்றிய நிலம். 160 ஆண்டுகளுக்கு மேலாக ரோமக் குடிகள் அங்கே வாழ்ந்து வந்தார்கள். அதைக் காக்கப் படைகள் போதவில்லை என்று கணக்கிட்டு, இராணுவத்தையும் மக்களையும் ஆற்றுக்குத் தெற்கே கொண்டு வந்து குடியேற்றினார். குடியேற்றிய புதிய இடத்துக்கும் டேசியா என்றே பெயர் வைத்தார்கள். வரைபடத்தில் மாகாணம் தொலையவில்லை. இழந்த ஊரின் பெயர் மட்டும் மக்களோடு வந்தது.

எத்தனை பேர் வெளியேறினார்கள், எத்தனை பேர் அங்கேயே தங்கினார்கள் என்பது ருமேனிய, ஹங்கேரிய வரலாற்றாய்வாளர்களிடையே இன்றும் முடியாத விவாதம். யார் அந்த மண்ணின் தொடர்ச்சியான குடிகள் என்ற கேள்வி அதற்குள் இருப்பதால் விவாதம் சூடாகவே இருக்கிறது.

பல்மைராவின் முடிவு

272இல் அவுரேலியன் கிழக்கே திரும்பினார். பல்மைராவை அப்போது ஆண்டவர் செனோபியா. கணவர் ஒடேனாதுஸ் கொலையுண்ட பின், சிறுவனான மகன் வபல்லாதுஸின் பெயரில் ஆட்சி செய்தார். பாரசீக வளைகுடா வழியாக இந்தியா வரை நீண்ட வாணிபத்தில் செழித்த நகரம் அது. 270இல் செனோபியாவின் படை எகிப்தையும் பிடித்தது. ரோம் நகரத்துக்குத் தானியம் வந்த முக்கிய இடங்களில் எகிப்தும் ஒன்று.

வழியில் தியானா நகரம் வீழ்ந்தபோது, அதைக் கொள்ளையிட அவுரேலியன் படையினருக்கு அனுமதி கொடுக்கவில்லை. இது கருணையும்தான், தந்திரமும்தான். செய்தி பரவியதும் பல நகரங்கள் சண்டையில்லாமல் வாயிலைத் திறந்தன. அந்தியோக்கியாவுக்கு அருகிலும், இன்றைய ஹோம்ஸ் நகரமான எமேசாவிலும் செனோபியாவின் படை தோற்றது. பல்மைரா முற்றுகைக்கு உள்ளானது. பாரசீக உதவியைத் தேடிச் சென்ற செனோபியா யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் பிடிபட்டார். நகரம் சரணடைந்தது. அவுரேலியன் அதை அழிக்கவில்லை.

ஆனால் 273இல் பல்மைரா மீண்டும் எழுந்தது. அங்கே விட்டுச் சென்ற ரோமப் படைப்பிரிவைக் கொன்றது. அவுரேலியன் திரும்பி வந்தார். இந்த முறை மன்னிப்பு இருக்கவில்லை. படையினர் நகரத்தைச் சூறையாடினார்கள். பல்மைரா பழைய நிலைக்கு ஒருபோதும் திரும்பவில்லை. அங்கிருந்து கொண்டு வந்த பொருட்கள் ரோமில் அவர் கட்டிய சூரியக் கோயிலை அலங்கரித்தன.

எகிப்தின் அலெக்ஸாந்திரியாவிலும் அவருடைய ஆட்சிக் காலத்தில் மோதல்கள் நடந்தன. அந்த நகரத்தின் மதில்கள் இடிந்தன, புரூக்கியோன் என்ற பெரிய வட்டாரமே அழிந்தது என்று 4ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அமியானுஸ் மார்செலினுஸ் பதிவு செய்திருக்கிறார். ரோமில் ஒரு மதில் உயர்ந்துகொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் வேறு நகரங்கள் மதிலையும் வீட்டையும் இழந்துகொண்டிருந்தன.

பல்மைராவில் எஞ்சி நின்ற பெல் கோயிலும் பால்ஷமின் கோயிலும் 2015 ஓகஸ்ட் மாதத்தில், சிரிய யுத்தத்தின் நடுவே, ஐ.எஸ். இயக்கத்தினரால் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அவுரேலியனின் படையிடமிருந்து தப்பிய கற்கள் அவை.

பாணும் நாணயமும்

274இல் மேற்கின் பிரிந்த அரசும் வீழ்ந்தது. அதன் தலைவர் டெட்ரிகுஸ், ஷாலோன் போர்க்களத்தில் சரணடைந்தார். அவருடைய படையினர் மட்டும் பெருமளவில் மடிந்தார்கள். அதே ஆண்டு ரோமில் பெரிய வெற்றி ஊர்வலம் நடந்தது. செனோபியாவும் டெட்ரிகுஸும் அதில் கைதிகளாக நடந்தார்கள். பின்னர் டெட்ரிகுஸுக்கு இத்தாலியில் ஓர் ஆளுநர் பதவி கிடைத்தது. செனோபியா ரோமுக்கு அருகே வாழ்ந்து இறந்ததாகப் பல பழைய நூல்கள் சொல்கின்றன. தலைவர்களுக்கு இப்படி ஒரு முடிவு கிடைத்தது. அவர்களை நம்பிப் போரிட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அவுரேலியன் வெறும் படைத்தளபதி மட்டும் அல்லர். மதிப்பிழந்து, வெள்ளி பூசிய செம்புத் துண்டாகிவிட்ட நாணயத்தைச் சீர்படுத்த முயன்றார். ரோம் மக்களுக்கு மாதந்தோறும் வழங்கிய தானியத்துக்குப் பதிலாக, நாள்தோறும் பாண் கொடுக்க ஏற்பாடு செய்தார். பன்றி இறைச்சியும் எண்ணெயும் பங்கீட்டில் இருந்தன. வெல்ல முடியாத சூரியன் என்ற தெய்வத்தைப் பேரரசு முழுவதற்கும் பொதுவாக்கினார். பிரான்சின் ஓர்லியன்ஸ் நகரத்தின் பெயர் இவருடைய பெயரிலிருந்து வந்தது.

ஒரு பெயர்ப் பட்டியல்

275இல் பாரசீகத்துக்கு எதிரான படையெடுப்புக்காக அவர் புறப்பட்டார். இன்றைய துருக்கியின் ஐரோப்பியப் பகுதியில், கெனோஃப்ரூரியம் என்ற இடத்தில் படை தங்கியது. அவருடைய செயலாளர் ஒருவர் ஏதோ ஒரு தவறில் அகப்பட்டிருந்தார். பேரரசரின் தண்டனை எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவுரேலியனின் கையெழுத்தைப் போலவே எழுதி, மரண தண்டனைக்கு உரியவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலைத் தயாரித்தார். அதில் மெய்க்காவற்படை அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. பட்டியலை அவர்களிடமே காட்டினார்.

அதிகாரிகள் விசாரிக்கவில்லை. பேரரசர் இப்படிச் செய்யக்கூடியவர்தான் என்று நம்பினார்கள். தங்கள் பெயருக்கு நேரே சாவு எழுதியிருப்பதாக நினைத்து, முந்திக்கொண்டு அவரைக் கொன்றார்கள். பட்டியல் பொய் என்று பிறகுதான் தெரிந்தது. அவுரேலியனின் அச்சமூட்டும் பெயர்தான் அந்தப் பொய்யை நம்ப வைத்தது. ரோமில் அப்போதும் மதில் வேலை நடந்துகொண்டிருந்தது.

மதில் கண்டவை

401, 402ஆம் ஆண்டுகளில் கோத்தியர்களின் அச்சுறுத்தல் வந்தபோது பேரரசர் ஹொனோரியுஸ் மதிலின் உயரத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கினார். ஆனாலும் 410 ஓகஸ்ட் 24இல் அலரிக்கின் படை சலாரியா வாயில் வழியாக நுழைந்தது. மதிலை யாரும் உடைக்கவில்லை. வாயில் உள்ளிருந்தே திறந்தது. முற்றுகையால் நகரத்தில் கடும் பஞ்சம் நிலவியிருந்தது. பட்டினியால் சாகும் மக்களைக் காணச் சகியாமல் புரோபா என்ற சீமாட்டி கதவைத் திறக்கச் சொன்னதாக, 6ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் ஒரு கதையைப் பதிந்திருக்கிறார். அடிமைகள் திறந்தார்கள் என்ற கதையையும் அவரே சொல்கிறார்.

537 முதல் 538 வரை ஓராண்டுக்கு மேல் நடந்த முற்றுகையை மதில் தாங்கியது. முற்றுகையிட்டவர்கள் நகரத்துக்கு வந்த நீர்வழிகளைத் துண்டித்தார்கள். 546இல் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் சிலரே அசினாரியா வாயிலைத் திறந்து தோத்திலாவின் படையை உள்ளே விட்டார்கள். கடைசியாக 1870 செப்டெம்பர் 20இல், இத்தாலிய இராணுவத்தின் பீரங்கிகள் போர்ட்டா பியா வாயிலுக்கு அருகே மதிலில் ஒரு பிளவை உண்டாக்கின. அதோடு மதிலின் இராணுவ வேலை முடிந்தது.

இன்று 12 கிலோமீற்றருக்கு மேலான பகுதி எஞ்சியிருக்கிறது. சான் செபஸ்தியானோ வாயிலில் மதிலுக்கான அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. காவலர்கள் நடந்த வழியில் இப்போது பார்வையாளர்கள் நடக்கிறார்கள். 2001 ஏப்ரலில் மதிலின் ஒரு பகுதி தானாகவே சரிந்து விழுந்தது. பராமரிப்பு என்பது ஓயாத வேலை.

நூலில் எழுதிய வரலாறு அவுரேலியனை மீட்பர் என்கிறது. அது பொய்யல்ல. அவர் இல்லாவிட்டால் பேரரசு அந்த நூற்றாண்டிலேயே சிதறியிருக்கக்கூடும். ஆனால் மதிலைப் பார்த்தால் மற்றக் கணக்கும் தெரிகிறது. அதில் இடித்த வீட்டின் செங்கல் இருக்கிறது. அடைத்த யன்னல் இருக்கிறது. பாண் சுட்டு வாழ்ந்த ஒருவரின் கல்லறை இருக்கிறது. எவ்ரிசாசெஸின் பெயர் கல்லில் இருந்ததால் நமக்குத் தெரியும். அந்த வாடகை வீட்டிலிருந்து ஒருநாள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.